மைக் வயர் சுருட்டியவருக்கு நன்றி

பூ இருக்கும் இடத்தை மற்ற தேனீக்களுக்குச் சொல்ல ஒரு தேனீ கூட்டுக்குள் ஆடும் நடனம் பற்றி அந்தப் பேராசிரியர் எழுதியதைப் படித்துத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். கருத்தரங்கில் அவர் உரை முடிந்ததும் சுற்றிலும் கூட்டம். எனக்கோ நாக்கு ஒட்டிக்கொண்டது. சரி, போய்விடலாம் என்று திரும்பினேன். மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த நீங்கள், "கேள்வி இருக்கா?" என்றீர்கள். பதிலுக்குக் காத்திராமல் அவரிடமே போய், "இவங்க ரொம்ப நேரமா நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டீர்கள்.

நடனம் செங்குத்திலிருந்து சாயும் கோணம், சூரியனை வைத்துப் பூ இருக்கும் திசையைச் சொல்லும். இந்த நடனத்தின் பொருளைக் கண்டறிந்த விஞ்ஞானி கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973-இல் நோபல் வாங்கித் தந்த சங்கதி. மேகம் மூடினால்? அதைத்தான் கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்கினார். பதற்றத்தில் பாதி காதில் ஏறவில்லை. நீங்களோ நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்து, அம்புக்குறியெல்லாம் போட்டு, என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் உங்கள் பெயரைப் போட வேண்டும். இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள்.