சிசி இல்லாத பைக்குக்கு எந்தச் சட்டம்?

மதிப்புக்குரிய மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே ஒரு குறுக்குத் தெருவில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு தம்பி, பதினைந்து வயது இருக்கும், பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று ஒரு எலக்ட்ரிக் பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார். காட்டிலும் மேட்டிலும் ஓடுவதற்கென்று செய்த ரகம். ஹெட்லைட் இல்லை, பக்கக் கண்ணாடி இல்லை, இலக்கத் தகடு மாட்ட இடமும் இல்லை. “இது மோட்டார் சைக்கிள் எல்லோ தம்பி?” என்றேன். “இல்லை அங்கிள், சைக்கிள்தான். பெற்றோலே இல்லையே” என்றார்.

ரயரைப் பார்த்தேன். மண்ணைக் கவ்வுவதற்காகப் பெரிய பெரிய கட்டைகள் வைத்த ரயர். ஓரத்துக் கட்டைகள் எல்லாம் புதிதாகவே இருந்தன. நடுவில் மட்டும் வழித்துவிட்ட மாதிரி மொட்டை. அந்த வண்டி தார் ரோட்டைத் தவிர வேறு எதையும் கண்டதில்லை.

தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஊர் இது. கரண்டில் ஓடும் எதைக் கண்டாலும் நல்லது என்றுதான் வீட்டில் வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் மரைன் டிரைவில் பின்னேரம் நடக்கப் போகிறவர்களைக் கேளுங்கள். சத்தமே இல்லாமல் பின்னால் வரும். ஒருநாள் ஹேண்டில் என் முழங்கையில் உரசிப் போன பிறகுதான் பைக் வந்ததே எனக்குத் தெரிந்தது. இந்த ரகத்தில் சில, ஐம்பது கிலோ எடையோடு 70 கிலோமீற்றர் வேகத்தைத் தொடும்.

நமது சாரதி அனுமதிப் பத்திரம் மோட்டார் சைக்கிளை சிசி கணக்கில், அதாவது எஞ்சின் கொள்ளளவை வைத்துப் பிரிக்கிறது: 100 சிசி வரை ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று. மின் மோட்டாருக்கு சிசி ஏது? தம்பி சொன்ன பதில் அந்த இடைவெளிக்குள்தான் நிற்கிறது.

கலிபோர்னியாவில் இதே தலையிடி. அங்கே மிதி (பெடல்) வைக்காமல், காட்டுப் பாதைக்கென்று தயாரித்த மின் பைக்குகளை ‘இ-மோட்டோ’ என்று தனியாகப் பிரித்து, 2026 ஜனவரி 1 முதல் தலைக்கவசத்தையும் அடையாளத் தகட்டையும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நாம் மிதியைப் பார்த்து முடிவு செய்யப் போனால், என்னைப் போன்றவர்களுக்கு வேலை கூடும்! அரை மணித்தியாலத்தில் ஏதோ ஒரு மிதியைப் பொருத்திக் கொடுத்துவிடலாம், அப்புறம் அதுவும் சைக்கிள். இந்தியாவில் 250 வாட்டுக்கும் 25 கிலோமீற்றர் வேகத்துக்கும் உட்பட்டதற்குத்தான் பதிவு தேவையில்லை. அப்படி வாட்டையும் வேகத்தையும் வைத்து வர்த்தமானியில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே உள்ளது மோட்டார் சைக்கிள். அதற்குப் பதிவு, காப்புறுதி, 18 வயது. காட்டுக்கு மட்டும் என்றால் வேறு நிறத்தில் ஒரு தகடு, ரோட்டில் இறங்கக் கூடாது. இதைத் துறைமுகத்திலும் விற்கும் கடையிலும் பிடியுங்கள். பொலிஸ் ரோட்டில் பையனைத் துரத்துவதில் பயன் இல்லை, அவன் இன்னும் முறுக்குவான்.

தடை மட்டும் வேண்டாம். தியத்தலாவையிலும் சாலியபுரவிலும் சூப்பர்குரொஸ் என்ற மண் தடப் பந்தயம் நடக்கும்போது கூட்டம் அள்ளுகிறது; இந்தப் பையன்களும் அதைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள். ஆனால் கொழும்பிலிருந்து சாலியபுர போக வேண்டும் என்றால் ஒரு பகல் போய்விடும். நகரத்துக்குக் கிட்ட, மணல் கொட்டி ஒரு சின்னத் திடல், ஞாயிறு காலையில் மட்டும் திறந்தாலும் போதும். இது உங்கள் திணைக்களத்தின் வேலை இல்லை என்று தெரியும், விளையாட்டுத்துறை அமைச்சுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பிரேக் பேட் வந்துவிட்டது. தம்பி சனிக்கிழமை வருவார். பைக்கை எடுக்க அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை சைக்கிள் கடைக்காரன்