உன் சித்தப்பாவும் ஒரு சொம்புத் தண்ணீரும்

காட்பாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய், எனக்கும் கோபம் வந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டூட்டி இல்லாத நாளில் நிதானமாகப் படி.

விஷயம் உன் சித்தப்பாவைப் பற்றியது. பொங்கல் முடிந்த வாரம் நம் குடும்ப குரூப்பில் அவன் ஒரு வீடியோ போட்டான். பூமி தட்டை, உருண்டை என்பது நம்மை ஏமாற்றக் கட்டிவிட்ட கதை என்று யாரோ பேசுகிற வீடியோ. நீ அதற்குக் கீழே, "ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிவதுகூட உங்களுக்குத் தெரியாதா சித்தப்பா" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை நாலைந்தைச் சேர்த்துப் போட்டாய். அதைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொன்று போட்டார்கள். அன்று ராத்திரியே அவன் குரூப்பை விட்டுப் போய்விட்டான். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தேன். அது என் தப்பு.

போன சனிக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அவனுக்கு இரவுக் காவல் என்பது உனக்குத் தெரியும். மதியமே போய் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போனேன். கரைமேல் நின்று அவன் போனை நீட்டிச் சொன்னான்: "அண்ணா, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் பாரு. தண்ணி எங்கனா வளைஞ்சிருக்குதா? உன் கண்ணை நம்புறியா, புஸ்தகத்தை நம்புறியா?"

பாப்பா, இந்தக் கேள்விக்கு 34 வருஷம் சர்வேயராக இருந்த நான் உடனே பதில் சொல்லிவிடவில்லை. ஏன் என்றால் என் வேலை முழுக்க பூமியைத் தட்டை என்று வைத்துக்கொண்டு செய்ததுதான். சங்கிலி பிடித்து, கல் நட்டு, புலப்படம் வரைந்தபோது ஒரு நாள்கூட பூமியின் வளைவைக் கணக்கில் சேர்த்ததில்லை. சேர்க்கவும் தேவையில்லை. ஒரு கிலோமீட்டருக்கு வளைவு 8 சென்டிமீட்டர்கூட முழுதாக வராது. யாருடைய பட்டாவும் அதனால் மாறாது. தூரம் கூடினால்தான் கதை வேறு: இரண்டு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு, பத்து கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 8 மீட்டர். 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து இந்த நாட்டை அளக்கக் கிளம்பிய லாம்டனுக்கு அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆகவே உன் சித்தப்பா கரைமேல் நின்று பார்த்தது பொய் இல்லை. அந்த உயரத்திலிருந்து, அந்தத் தூரத்துக்கு, ஏரி தட்டையாகத்தான் தெரியும். அவன் கண் சரியாகத்தான் பார்த்தது. அங்கிருந்து அவன் போட்ட கணக்குதான் தப்பு. இந்த இரண்டையும் பிரிக்காமல் "முட்டாள்" என்று சொன்னால், தன் கண்ணையே பழிக்கிறார்கள் என்றுதான் அவனுக்குப் படும்.

இன்னொரு சங்கதி உனக்குத் தெரிந்திருக்காது. இந்தக் காலத்துத் தட்டை பூமிக் கதை பெரும்பாலும் நீ இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது. உன் கேம்பிரிட்ஜிலிருந்து வடக்கே, ஈலி தாண்டி, வெல்னி என்று ஒரு கிராமம். அதன் ஓரமாக ஓல்டு பெட்ஃபோர்டு என்ற ஆறு. பெயர்தான் ஆறு, வெட்டிய கால்வாய்தான், நேர்கோட்டில் ஓடுகிறது. 1838-ல் சாமுவேல் ரோபோதம் என்பவர் அந்த ஆற்றில் இறங்கி, கண்ணைத் தண்ணீருக்கு 8 அங்குலம் மேலே வைத்துக்கொண்டு, கொடி கட்டிய படகு ஒன்று 6 மைல் போகிற வரைக்கும் பார்த்தார். கொடி மறையவில்லை. பூமி தட்டை என்று முடிவு கட்டினார். தன் முறைக்கு 'ஜெடெடிக்' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் தேடி விசாரிப்பது என்று பொருள். நம் ஊரில் சொல்கிற "தீர விசாரிப்பதே மெய்" என்பதும் அதுதானே. மனிதர் தேடத்தான் செய்தார், தீர விசாரிக்கவில்லை. தண்ணீரை ஒட்டிய குளிர்ந்த காற்றில் வெளிச்சம் கீழ்நோக்கி வளையும். அதனால் மறைய வேண்டியது மறையாமல் தெரியும். அக்னி நட்சத்திரத்தில் வாலாஜா ரோட்டில் தண்ணீர் தேங்கின மாதிரி கானல் தெரிகிறதே, அதுவும் காற்று செய்கிற இதே வேலை, எதிர்ப்பக்கமாக.

1870-ல் அதே ஆற்றில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் வந்து அளந்தார். பரிணாமக் கொள்கையில் டார்வினோடு சேர்த்துச் சொல்லப்படுகிற அந்த வாலஸ்தான். சின்ன வயதில் அவரும் சர்வேயர் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். ஜான் ஹாம்டன் என்ற தட்டை பூமிக்காரர் 500 பவுன் பந்தயம் கட்டியிருந்தார். வாலஸ் தண்ணீரை ஒட்டிப் பார்க்கவில்லை. 13 அடிக்கு மேல் உயரத்தில் தொலைநோக்கியை வைத்தார். மூன்று இடத்திலும் ஒரே உயரத்தில் அடையாளம்: இந்தப் பாலம், நடுவில் ஒரு கம்பம், அந்தப் பாலம். தட்டை என்றால் மூன்றும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். பார்த்தால் நடுக்கம்பத்து அடையாளம் அந்தப் பாலத்து அடையாளத்தைவிட மேலே தூக்கித் தெரிந்தது. லெவல் பார்த்த யாருக்கும் இது எவ்வளவு அழகான வேலை என்று புரியும்.

ஜெயித்தாரா? பணம் அவருக்கு என்று தீர்ப்பானது. ஆனால் ஹாம்டன் ஒப்புக்கொள்ளவே இல்லை. வருஷக்கணக்கில் வாலஸைத் திருடன் என்று ஊரெல்லாம் கடிதம் எழுதினார், அவர் மனைவிக்கே மிரட்டல் எழுதினார், சிறைக்கும் போனார், வெளியே வந்து மறுபடியும் எழுதினார். பணத்தையும் கோர்ட்டில் கேஸ் போட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார். கம்பம் நட்டுக் காட்டியும் மனம் மாறவில்லை. இதை நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். அளவு சரியாக இருந்தும் அந்த மனுஷனிடம் அது ஏன் போய்ச் சேரவில்லை?

அப்போதுதான் நம் கிணறு ஞாபகம் வந்தது. நீ பிறக்கும் முன்பு நடந்தது.

பாலாற்றங்கரையில் நமக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது, கிணற்றோடு. நான் சர்க்கார் வேலைக்கு வந்துவிட்டேன், தம்பிதான் பயிர் செய்தான். எண்பதுகளில் தண்ணீர் மாற ஆரம்பித்தது. முதலில் உப்பு. அப்புறம் நிறம். மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு நாள் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து காகிதம் வந்தது: எல்லாம் அளவுக்குள் இருக்கிறது என்று.

தம்பி அந்தக் காகிதத்தையும் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பும் எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தான். பித்தளைச் சொம்பு. விளக்கு வெளிச்சத்தில் வைத்தான். டீத்தூள் கழுவின மாதிரி பழுப்பு, மேலே ஓரத்தில் மெல்லிய நுரை. "அண்ணா, இதைப் பாரு, அப்புறம் இதைப் படி" என்றான். நான் இரண்டையும் பார்த்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "காகிதத்தில் அப்படி வந்திருந்தால் நாம் என்னடா செய்ய முடியும்." அவன் சொம்பை எடுத்து வாசலில் கொட்டிவிட்டுப் படுத்துக்கொண்டான். அந்த இடத்தில் கோலம் போட உன் அம்மா மறுநாள் இரண்டு முறை தண்ணீர் தெளித்தாள்.

1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தபோது எல்லாம் வெளியே வந்தது. வடார்க்காட்டில் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுக்கவோ கெட்டுப் போனது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. டேனரியில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் நம் சொந்தத்தில் இருக்கிறார்கள், அந்தத் தொழிலை நான் பழிக்கவில்லை. ஆனால் தீர்ப்பு வந்தபோது தம்பி நிலத்தை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அவன் கற்ற பாடம் ஒன்றுதான்: முத்திரை குத்திய காகிதம் பொய் சொல்லும், படித்தவர்கள் அதற்குத் துணை நிற்பார்கள், தன் கண் மட்டும்தான் தன்னிடம் பொய் சொல்லாதது.

அப்படிப்பட்ட ஆளிடம் நடுராத்திரியில், தனியாகக் கேட்டில் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு வீடியோ வந்து "உன் கண்ணை நம்பு, அவர்கள் எல்லோரும் உன்னை ஏமாற்றுகிறார்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் தட்டை பூமி மாநாடுகளுக்குப் போன முப்பது பேரிடம் டெக்சாஸ் ஆராய்ச்சியாளர்கள் பேசியிருக்கிறார்கள். ஒருவர் தவிர எல்லோரும் யூடியூப் வீடியோ பார்த்துத்தான் இதற்கு வந்தோம் என்றார்களாம். ஒன்றைப் பார்த்தால் அதுவே அடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவர்களுக்குள் குரூப் வேறு. தம்பியின் போனில் பார்த்தேன், விடியற்காலை இரண்டு மணிக்கு இவன் ஒன்று எழுதினால் "சரியாகச் சொன்னீங்க அண்ணா" என்று உடனே பதில். நம் குரூப்பில் அவனுக்கு அந்த மரியாதை என்றைக்குக் கிடைத்தது?

2024 டிசம்பரில் அமெரிக்கப் பாதிரியார் வில் டஃபி என்பவர் சில தட்டை பூமிக்காரர்களை அண்டார்டிகாவுக்கே அழைத்துப் போனார். அங்கே அந்த மாதத்தில் 24 மணி நேரமும் சூரியன் மறையாது. அவர்கள் சொல்கிற தட்டை பூமியில் அப்படி நடக்க வழியில்லை. அவர்களில் ஜெரன் கேம்பனெல்லா என்பவர் நேரில் பார்த்துவிட்டு, இதில் நான் நினைத்தது தப்பு என்று கேமரா முன்னால் சொன்னார். அதற்குப் பெரிய மனசு வேண்டும். ஊர் திரும்பியதும் கூட இருந்தவர்களே அவரை விலை போய்விட்டான் என்றார்கள். ஒரு எண்ணத்தை விடுவதென்றால் அந்தக் கூட்டத்தையும் விட வேண்டும். வெளியே வந்தால் உட்கார ஒரு திண்ணையாவது இருக்க வேண்டாமா?

நான் முதலில் அவனை ஜவ்வாது மலைக்கு, காவலூர் வானாய்வகத்துக்குக் கூப்பிட்டேன். "அதுவும் சர்க்கார் ஆபீஸ்தானே அண்ணா" என்றான். அதோடு அந்தப் பேச்சை விட்டேன். அப்புறம் ஆரியபட்டரைப் பற்றிச் சொன்னேன். கி.பி. 499-லேயே அவர் பூமியைக் கடம்பம் பூவுக்கு ஒப்பிட்டிருக்கிறார். பந்து மாதிரி, சுற்றிலும் இதழ் குத்திட்டு நிற்குமே, அப்படி எல்லாப் பக்கமும் உயிர்கள் இருக்கின்றன என்று. உருண்டை என்பது வெள்ளைக்காரன் கட்டிய கதை என்றுதான் அவன் நினைத்திருந்தான். தட்டை என்பதுதான் அங்கிருந்து வந்தது, அதுவும் பாப்பா இருக்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து என்றதும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். வள்ளிமலை முருகனுக்குக் கடம்பு மாலை போட்டவன் அவன். பூவைக் கையில் உருட்டுகிற மாதிரி விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். ஏப்ரல் 24-ஐ ஒட்டி மதியம் 12 மணி 10 நிமிடம் சுமாருக்கு, வேலூரில் நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது, சூரியன் நேர் உச்சியில். அன்று சித்தப்பா இங்கே ஒரு மீட்டர் குச்சி நடுவான். டெல்லியில் உன் தம்பி ஒன்று, உன் வீட்டுத் தோட்டத்தில் நீ ஒன்று, அவரவர் உச்சி வேளையில். உனக்கு அது கடிகாரத்தில் மதியம் ஒரு மணி வாக்கில் வரும். என் கணக்குப்படி டெல்லியில் நிழல் 28 சென்டிமீட்டர், உனக்கு 82. இரண்டு இடம் மட்டும் போதாது. பூமி தட்டை, சூரியன் பக்கத்தில் என்று வைத்தும் இரண்டைப் பொருத்திவிடலாம். உன் 82-க்குப் பொருந்துகிற மாதிரி சூரியனை வைத்தால் டெல்லிக்கு 32, 33 வர வேண்டும். அந்த நாலைந்து சென்டிமீட்டரில்தான் விஷயம் இருக்கிறது. நீ முன்கூட்டி விடை சொல்லாதே. அளவை எழுதி அவனுக்கு அனுப்பு, அவனே கணக்குப் போடட்டும். சங்கிலியின் மறுமுனையைப் பிடித்து எனக்கு வேலை பழகக் கொடுத்தவன் அவன், அளவு என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகும் தட்டை என்றால் சொல்லிக்கொள்ளட்டும், அவன் என் தம்பிதான்.

முடிந்தால் ஒரு நாள் வெல்னிக்கும் போய் அந்த ஆற்றைப் படம் எடுத்து அனுப்பு. ஆனால் இதெல்லாம் பிறகு. முதலில் அவனுக்கு போன் போடு. பூமியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அன்று அப்படி எழுதியது தப்பு சித்தப்பா என்று சொல். நீ நர்சிங் சேர்ந்தபோது ஹாஸ்டல் பணத்துக்கு மாட்டை விற்றவன் அவன். உன்னிடம் இதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். இன்று மீறுகிறேன்.

ஏரியிலிருந்து அவனைக் கம்பெனி கேட்டில் விட்டு, பேசிக்கொண்டே உட்கார்ந்து கிளம்ப மணி பதினொன்று ஆகிவிட்டது. வண்டியை உதைக்கும்போது வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, பாப்பாவுக்கு அங்க இப்ப மணி என்ன இருக்கும்?"

"சாயங்காலம் அஞ்சரை."

"வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துருதா, இல்ல இருட்டுலதான் நடந்து வருதா?" என்று கேட்டான்.

அன்புடன்,
அப்பா