கொல்லிமலை பைக் பயணம் – வரும் ஞாயிறு

வணக்கம் நண்பர்களே. "ஐம்பது வயசுல எதுக்கு இந்த வேலை?" என்று வீட்டுக்கு வீடு கேட்டாச்சு. சரி, கேட்கட்டும். பயணம் உறுதி.

ஞாயிறு காலை 5.30, நாமக்கல் கோட்டை அடிவாரம். சேந்தமங்கலம், காரவள்ளி வழியாக மேலே.

1. வண்டியை வெள்ளிக்குள் மெக்கானிக்கிடம் காட்டவும். பிரேக் ஷூ, டயர், செயின் முக்கியம். வருஷக்கணக்கில் மூடி வைத்த ஆர்எக்ஸ் 100 என்றால் கார்புரேட்டரையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

2. ஐஎஸ்ஐ ஹெல்மெட், பின்னால் உட்காருபவருக்கும்.

3. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும் வண்டிக்கே முதல் வழி. இறங்கும்போது இரண்டாவது கியர். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து உருட்டக் கூடாது. பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

4. பிரஷர், சுகர் மாத்திரை சட்டைப் பையில் இருக்கட்டும்.

5. ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள் முட்டி ஒத்துழைப்பவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் அறப்பளீஸ்வரர் கோயிலில் காத்திருக்கலாம்.

மழை பெய்தால் அடுத்த ஞாயிறு.

வருபவர்கள் பெயர், வண்டி, ரத்த வகை மூன்றையும் வியாழன் இரவுக்குள் இங்கே பதிவிடவும். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.