ஸ்ட்ரீக்கையும் முடிவில்லாத ஸ்க்ரோலையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்களும் இணையதளங்களும் நம்மை ஏமாற்றச் செய்யும் வடிவமைப்புத் தந்திரங்களான ‘டார்க் பேட்டர்ன்’ பற்றி 2023 நவம்பரில் நீங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் 13 தந்திரங்கள் இருக்கின்றன. பொய் அவசரம், கேட்காமலே கூடையில் ஏறும் பொருள், ஓயாத நச்சரிப்பு எல்லாம் உண்டு. நன்றி. ஆனால் தள்ளத் தள்ளத் தீராமல் வரும் முடிவில்லாத ஸ்க்ரோல், தானாக ஓடும் அடுத்த வீடியோ (ஆட்டோபிளே), நாள் தவறாமல் தோழிகள் படம் அனுப்பிக்கொண்டால் ஏறிக்கொண்டே போகும் ஸ்ட்ரீக் எண் மூன்றும் அதில் இல்லை. பிள்ளைகளுக்காக இவற்றையும் சேர்க்க வேண்டும்.

போன வாரம் ஜோலார்பேட்டைக்கு ரயிலில் போனோம். குப்பம் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கு முகமே வெளிறிவிட்டது. ஸ்ட்ரீக் பக்கத்தில் மணற்கடிகாரம் வந்துவிட்டதாம். நேரம் தவறினால் எண் பூஜ்யமாகிவிடும். ஒரு கோடு சிக்னல் வந்ததும் ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் படம் எடுத்து, அந்த வெறும் கறுப்பைத் தோழிகள் எல்லாருக்கும் அனுப்பினாள். பதிலுக்கு வந்தவை ஒரு கூரை, ஒரு தரை, பாதி நெற்றி. “என்னடி பேசிக்கிறீங்க?” என்றேன். “பேசறதுக்கில்லம்மா, விட்டுடக் கூடாதுன்னு” என்றாள்.

பிள்ளைக்கு மன உறுதி போதாது என்கிறார்கள். நான் ஏற்க மாட்டேன். பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் புறா ஓயாமல் கொத்தும் என்று 1950களிலேயே உளவியலாளர் ஸ்கின்னர் காட்டிவிட்டார். அடுத்து என்ன வரும் என்று தெரியாத திரையும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. 2006இல் முடிவில்லாத ஸ்க்ரோலை வடிவமைத்த ஏசா ராஸ்கினே பிற்பாடு அதற்காக வெளிப்படையாக வருந்தினார். பக்கத்தின் அடியில் ‘அடுத்து’ பொத்தான் இருந்தவரை, போதுமா என்று யோசிக்க ஒரு நொடி கிடைத்தது. அந்த நொடியைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள்.

எங்கள் பெங்களூரில் வெளிவட்டச் சாலை அலுவலகங்களில் ‘ரிட்டென்ஷன்’, அதாவது ஆளை ஆப்பை விட்டுப் போகாமல் பிடித்துவைப்பதை, ஏற்றுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இந்தப் போன் பழக்கத்துக்கென்றே 2014 முதல் ஷட் கிளினிக் நடக்கிறது. பள்ளியோ வீட்டுப்பாடத்தையும் போனில் அனுப்பிவிட்டு, போன் கொடுக்காதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் எங்களுக்கே அறிவுரை சொல்கிறது. எல்லாப் பழியும் அம்மா தலையில்! பள்ளி உங்கள் பொறுப்பில் இல்லை, தெரியும். பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது.

18 வயது நிரம்பாதவர்களின் கணக்கில் ஸ்க்ரோல் ஓரிடத்தில் நிற்கட்டும். ஆட்டோபிளே அணைந்தே வரட்டும். ஸ்ட்ரீக் எண் வேண்டவே வேண்டாம். 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே சொல்வதால், வயது வரம்பைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. அடுத்த திருத்தத்திலேயே இந்த மூன்றையும் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
அல்சூர், பெங்களூரு