பயம் தெளிந்த பிறகு

பினாங்கு
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

போன வாரம் போனில், ரஷ்யாவின் ஜார் மன்னர் நிக்கோலாஸையும் அவருடைய பிரதமர் ஸ்தொலிப்பினையும் பற்றி நீ கேட்ட கேள்வி மனதிலேயே நிற்கிறது. "ஸ்தொலிப்பினைச் சுடாம விட்டிருந்தா, ஜார் ஆட்சி தன்னைத் திருத்திக்கிட்டுப் பிழைச்சிருக்குமாப்பா?" என்றாய். கடையில் ஆள் காத்திருந்ததால் "அப்புறம் பேசுவோம்மா" என்று வைத்துவிட்டேன்.

இன்று காலை வெஸ்டர்ன் ரோடு கிறித்துவ இடுகாட்டுக்குப் போனேன். ஜெம்சுக் கப்பலின் ரஷ்ய மாலுமிகளுக்கான நினைவுக்கல்லைச் சின்ன வயதில் உனக்குக் காட்டியிருக்கிறேன். 1914 அக்டோபர் 28, விடியுமுன்னே எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நம் துறைமுகத்துக்குள் நுழைந்தது. போலிப் புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. ஜெம்சுக்கின் கேப்டன் கரையில் இருந்தார். சில நிமிடங்களில் எம்டன் ஜெம்சுக்கை மூழ்கடித்தது, 80க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். பொல்லாத ஆளைப் பார்த்தால் உன் பாட்டி "அவன் பெரிய எம்டன்" என்பாளே, அது இந்தக் கப்பலின் பெயர்தான். பினாங்குக்கு ஒரு மாதம் முன்பு சென்னையில் குண்டு வீசியதும் இதுவே.

கல்லைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து உன் கேள்வியை யோசித்தேன்.

ஸ்தொலிப்பின் கெட்டிக்காரர். ஊர்ப்பொதுவில் கிடந்த நிலத்தைக் குடியானவன் தன் பெயரில் பிரித்துக்கொள்ள 1906இல் வழி செய்தார். இருபது வருடம் அமைதி கொடுங்கள், ரஷ்யாவை அடையாளம் தெரியாமல் மாற்றுகிறேன் என்றார். எதிர்த்தவர்களை நிறையப் பேரைத் தூக்கில் போட்டதால், தூக்குக் கயிற்றுக்கு ஜனங்கள் அவர் பெயரையே வைத்ததும் உண்மை. 1911இல் கீயெவ் நாடக அரங்கில், மன்னரும் வந்திருந்தபோதே சுடப்பட்டார். ஆனால் அம்மாடி, குண்டு படுவதற்கு முன்பே அரண்மனையில் அவர் செல்வாக்கு கரைந்துவிட்டது. நாட்டுக்கு நெருக்கடி இருந்தவரை மன்னருக்கு அவர் வேண்டியிருந்தார். நிலைமை அடங்கியதும் பாரமாகத் தெரிந்தார்.

நிக்கோலாஸிடம் நான் பார்க்கும் கோளாறு இதுதான். 1905 ஜனவரியில் ஜனங்கள் ஜாரின் படத்தையே ஏந்தி அரண்மனைக்கு மனு கொடுக்கப் போனார்கள். பட்டாளம் சுட்டது, நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அக்டோபருக்குள் ரயிலும் ஆலையும் நின்றுபோய் நாடே ஸ்தம்பித்தது. அப்போதுதான் பேச்சுரிமையும், சட்டமன்றமான தூமாவும் தருவதாக அறிக்கை விட்டார். 1906இல் கூடிய முதல் தூமாவை இரண்டரை மாதத்துக்குள் கலைத்தார். இரண்டாவதும் 1907 ஜூனில் போயிற்று. தூமாவைக் கேட்காமல் தேர்தல் சட்டத்தைத் தொட மாட்டேன் என்று தானே எழுதிக் கொடுத்ததை மீறி, நிலக்காரர்கள் பக்கம் சாயும்படி அதையும் மாற்றினார். பயந்தபோது கொடுத்தார், பயம் தெளிந்ததும் பிடுங்கிக்கொண்டார். இந்த மனுஷனை மிரட்டினால்தான் எதுவும் கிடைக்கும் என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவரேதான். கொடுத்ததை அப்படியே விட்டிருந்தால், போர் வந்தும்கூட, மகுடத்தோடு தப்பியிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் கொடுங்கோலன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்பாவிடமிருந்து வந்த முழு அதிகாரத்தைக் குறையாமல் மகனிடம் ஒப்படைப்பது கடமை என்று நம்பினார். 1917 மார்ச்சில், பிஸ்கோவ் ஸ்டேஷனில் நின்ற ரயில் பெட்டியில், பட்டத்தை மகனுக்கு விட்டுக்கொடுக்க முதலில் சம்மதித்தார். பிறகு டாக்டரைக் கூப்பிட்டுப் பையனின் ரத்தக்கசிவு நோயைப் பற்றிக் கேட்டார். குணமாகாது என்று தெரிந்ததும், அவனைப் பிரிய மனமில்லாமல், அவன் உரிமையையும் சேர்த்தே விட்டுக் கையெழுத்துப் போட்டார். யாருக்காக இறுக்கிப் பிடித்தாரோ, அவன் பெயரைத் தன் கையாலேயே அடித்தார். இதைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நம் கடைத்தெரு லெபு பசாரே வெறிச்சோடிக் கிடந்தபோது, கல்லாச் சாவியையும் பேரேட்டையும் உன் கையில் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, சம்பாலும் மசாலாத்தூளும் வீடு வீடாக அனுப்பி நீதான் கடையைத் தூக்கி நிறுத்தினாய். தெருவில் ஆள் நடமாட்டம் திரும்பிய மாதமே, "இனி நான் பார்த்துக்கறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனாய். நான்கு மாதத்தில் மெல்பர்ன் விமானம் ஏறினாய். உன் தாத்தா கொடுத்த கடை, முழுசாக உனக்கே வரட்டும் என்றுதான் பிடித்து வைத்திருந்தேன். அது தப்பு, மகளே.

கடை உரிமத்தில் உன்னைப் பங்குதாரராகச் சேர்க்கும் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். என் கையெழுத்து போட்டாயிற்று. நீ போடுவதும் போடாததும் உன் விருப்பம். கடையில் இப்போது கஷ்டம் எதுவும் இல்லை, தீபாவளி வியாபாரம் நன்றாகவே நடக்கிறது.

அன்புடன்
அப்பா