கழுத்துக்கு அழுத்தாதே

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். காலபோகம் விதைத்தாயிற்று, மழையும் பரவாயில்லை. மற்றப் புதினமெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

போன ஞாயிறு வீடியோவில் உன் கழுத்தைக் கண்டேன். சிவந்து, பொரிபொரியாக இருந்தது. ஐந்து பிளேட் வைத்த ரேசரால் ஒரே இடத்தை நாலு தரம் இழுத்தால் வேறென்ன வரும்? அதுதான் பார்சலில் அப்பப்பாவின் ரேசரை வைத்திருக்கிறேன். பரந்தன் கெமிக்கல் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் அவர் வாங்கியது. அங்கே சவர்க்காரத்துக்கு வேண்டிய கோஸ்டிக் சோடா செய்தார்கள். நாங்கள் இல்லாவிட்டால் ஊரில் சவர்க்காரமே இல்லை என்று அளப்பார். 2009இல் போருக்குள் வீடு வாசல் எல்லாம் விட்டு ஓடினோம், இது மட்டும் என் சேர்ட் பையில் கிடந்தது.

செட்டிகுளம் அகதி முகாமில் மீசை அரும்பிய பொடியன்கள் சிலருக்கு இதை வைத்துத்தான் சவரம் பழக்கினேன். தகப்பன் இல்லாத பிள்ளைகள். பிளேட் அவரவர் கொண்டுவர வேண்டும் என்பது என் சட்டம். உனக்குத்தான் காட்டித்தர வாய்க்கவில்லை. தாடி முளைக்க முதலே, 2006இல், மாமாவிடம் அனுப்பிவிட்டோம். சரி, இப்போது கேள்.

முதல் நாள் பிளேட் போடாதே. வெறும் ரேசரால் நுரையை மட்டும் வழி. முகாம் பொடியன்களுக்கும் அப்படித்தான் தொடங்கினேன், கைப்பயம் போய்விடும். பிறகு இரண்டு பக்கமும் கூரான பிளேட் வாங்கிப் போடு, லண்டனில் மலிவுதான். ரேசரின் தலையைக் கன்னத்தில் படுக்கவைத்து, பிடியை மெல்ல மெல்லக் கீழே இறக்கு. ஓரிடத்தில் மயிர் அறுபடுகிற சத்தம் கேட்கும். முப்பது பாகை அளவில் வரும். அந்தச் சாய்வை விடாதே. அழுத்தவே கூடாது, இரும்பின் பாரம் போதும். சின்னச் சின்ன இழுவையாக, மயிர் வளர்கிற பக்கமாகவே இழு. கழுத்து மயிர் ஆளுக்கொரு பக்கம் போகும், விரலால் தடவிப் பார். எதிர்ப்பக்கம் இழுக்கிற ஆசை ஒரு மாதத்துக்கு வேண்டாம்.

நுரையில்தான் பாதி வேலை. குளித்து முடிந்த கையோடு செய். பிரஷை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, உதறி, சவர்க்காரத்தில் அரை நிமிடமாவது சுழற்று. பிறகு முகத்தில் தேய்த்துத் தேய்த்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர். கெட்டித் தயிர் மாதிரி வரவேண்டும். குமிழ் குமிழாக வந்தால் தண்ணீர் கூடிவிட்டது. லண்டன் தண்ணீரும் நம் கிணறு மாதிரிச் சுண்ணாம்புத் தண்ணீர்தானே, கேத்திலின் அடியில் வெள்ளை படிகிறது என்று நீயே சொன்னாய். அதில் நுரை லேசில் எழும்பாது. நான் மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிறேன். நீ கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மேலால் தெளிந்த தண்ணீரை மட்டும் எடு.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோமே, அதை ஒருநாள் முகத்திலும் பூசிப் பார்த்தேன். மயிர் போகவில்லை, பனங்காய் மணம்தான் ஒட்டிக்கொண்டது. அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் ஒரே பிளேட்டைக் கண்ணாடிக் குவளையின் உட்பக்கம் தீட்டித் தீட்டி ஒரு மாதம் ஓட்டுவோம். நீ அப்படிச் செய்யாதே. நாலைந்து சவரத்தோடு மாற்றிவிட்டு, பழையதை ஒரு தகரப் பேணியில் போட்டு வை. குப்பை எடுக்கிறவனின் கை பாவம்.

கடைசியாகக் குளிர்தண்ணீரால் கழுவி, ஈரத்தோடு படிகாரம் தடவு. எங்கே எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறாய். அடுத்த தரம் அந்த இடத்தில் கையை இளக்கு.

ரேசரின் பிடியில் ஒரு நெளிவு இருக்கும், அது நான் கிணற்றுக் கட்டில் விழுத்தியது. அப்பப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

ஒரு மாதம் கழித்துக் கழுத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. முகத்தை அம்மாவுக்கு அனுப்பு, அவள் மெலிந்துவிட்டாய் என்று சொல்லக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா