டிஷ்வாஷர் விற்பவர்கள் தண்ணீரைக் கேட்டு விற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் டிஷ்வாஷர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாத்திரத்தில் அழுக்கு போகவில்லை என்றால், மெஷினில் வைப்பதற்கு முன் குழாயில் ஒருமுறை நன்றாக அலசிவிடுங்கள் என்று அதில் யோசனை சொல்லியிருந்தார்கள். அலசித்தான் வைக்க வேண்டும் என்றால் மெஷின் எதற்கு? அங்கேயே இன்னும் இரண்டு தேய் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்துவிடலாமே. எழுதியவர் சிறுவாணித் தண்ணீர் குடிப்பவராக இருக்க வேண்டும். எங்கள் தருமபுரி மாவட்டத்துப் போர் தண்ணீரில் மெஷின் ஓட்டிப் பார்த்தவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நான் காரிமங்கலம் பக்கம் சத்துணவு அமைப்பாளராக 29 வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். சாம்பார் அண்டா முதல் பிள்ளைகளின் தட்டு வரை என் கண்முன்னால் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களுக்குக் கணக்கே இல்லை. போன தீபாவளிக்கு, என் தோள்பட்டை வலியைப் பார்த்துவிட்டு, ஓசூரில் வேலை செய்யும் மகன் ஒரு டிஷ்வாஷர் வாங்கி வைத்தான். "அம்மா, இனிமேல் நீ கரிப்பாத்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்" என்றான். முதல் மூன்று வாரம் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. எவர்சில்வர் டம்ளரில் முகம் பார்க்கலாம்.

அப்புறம் ஆரம்பித்தது. கண்ணாடி டம்ளர்கள் மோர் குடித்துவிட்டுக் காயவைத்தது போல வெளுத்துப் போயின. தட்டுகளில் விரலை ஓட்டினால் நறநறவென்றது. மேல் அடுக்குக் கிண்ணங்களின் அடியில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. களி கிண்டிய சட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உள்ளே போனபடியே வெளியே வந்தது, கூடுதலாகச் சூடாக.

வாங்கிய கடைக்குச் சொல்லி, ஒரு தம்பி வந்தார். பேனா மாதிரி ஒரு கருவியைக் குழாய்த் தண்ணீரில் விட்டு, "டி.டி.எஸ். 900 காட்டுதும்மா" என்றார். சரி, அதற்கு என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, ஹீட்டர் போயிருக்கும், தண்ணீர் சூடாகாமல்தான் அழுக்கு நிற்கிறது, மாற்ற 4,200 ரூபாய் ஆகும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அன்று மாலை மெஷினை ஓடவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து நிறுத்தி, கதவைக் கொஞ்சம் திறந்தேன். ஆவி மூக்குக்கண்ணாடியை மறைத்தது. போய்விட்டதாகச் சொன்ன ஹீட்டர் என்னை அப்படி வரவேற்றது!

அதற்கு மேல் நானே இறங்கிவிட்டேன். கீழ் அடுக்கை வெளியே இழுத்தால், தரையில் வட்டமாக ஒரு ஃபில்டர் இருக்கிறது. திருகினால் கையோடு வந்துவிடும். என்னுடையதில் முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, ஒரு புளியங்கொட்டை, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தபடி பிசுபிசுப்பு. இதைவிடக் கொடுமை, நான்தான் ஒருநாள் அதைக் கழுவிவிட்டுத் திரும்ப மாட்டும்போது கடைசிவரை திருகவில்லை. அது தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த இடுக்கு வழியாகக் கசடெல்லாம் பம்புக்குப் போய், மறுபடி பாத்திரத்தின் மேலேயே பீச்சியடித்திருக்கிறது.

பிறகு தண்ணீர் பீச்சுகிற கைகள். கீழே ஒன்று, நடுவே ஒன்று, விசிறி இறக்கை மாதிரி சுற்றும். இரண்டையும் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையில் ஏழு ஓட்டை என்றால் மூன்றில்தான் வெளிச்சம் தெரிந்தது. ஓர் ஓட்டையில் ஒரு கடுகு. தாளித்த கடுகு, கறுப்பாக, அச்சில் வார்த்தது போல உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி பூத்து, கடுகையே சிமென்ட் வைத்துப் பூசினது போல இறுக்கியிருந்தது. ஊக்கு முனையால் நெம்பினேன். கடுகு உடைந்து வந்தது, வெள்ளை வரவில்லை. வெந்நீரில் வினிகர் கலந்து ராத்திரி முழுக்க ஊறவைத்த பிறகுதான் விட்டது.

அந்த வெள்ளையைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. ஒரு வெளுத்த டம்ளரை எடுத்துப் பாதிக்கு மட்டும் எலுமிச்சை மூடியைத் தேய்த்து அலசினேன். தேய்த்த பாதி பளிச்சென்றும் தேய்க்காத பாதி மங்கலாகவும் நின்றது. புளிப்புக்குப் போகிறது என்றால் அது உப்புப் படிவு. எங்கள் வீட்டுத் தவலையின் அடியில், வெந்நீர் பாய்லரில், குளியலறைக் குழாயின் வாயில் பூத்திருப்பதும் இதே சாமான்தான். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் முடி விறைக்கும் என்று நாங்கள் காலம் காலமாகத் திட்டுகிற அதே தண்ணீர்.

தருமபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டி எங்கள் போர் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தேன். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 620 மில்லிகிராம் என்று தாள் வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 200 வரை சரி, வேறு வழியே இல்லாத ஊரில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். நாங்கள் அந்தப் பொறுமையையும் தாண்டியவர்கள். டி.டி.எஸ். பேனாவை நம்பிப் பயனில்லை என்பதும் அங்கேதான் விளங்கியது. அது தண்ணீரில் கரைந்தது எல்லாவற்றையும் மொத்தமாகக் காட்டும். பாத்திரத்தில் படிவது அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும். 900 காட்டும் இரண்டு வீட்டுத் தண்ணீரில் ஒன்று படியும், மற்றது அவ்வளவாகப் படியாது.

மெஷின் செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. உள்ளேயே தண்ணீரின் கடினத்தைக் குறைத்து மென்மையாக்க ஒரு சிறு அறை வைத்திருக்கிறார்கள். அதில் பிசின் மணிகள் இருக்கின்றன. அவை கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். மணிகள் நிரம்பிப்போனால் உப்புத் தண்ணீர் விட்டு அலசிப் புதுசாக்க வேண்டும். அதற்குத்தான் தனியாக டிஷ்வாஷர் உப்பு போடச் சொல்கிறார்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை அலச வேண்டும் என்பதை, நம் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்த்து நாம்தான் மெஷினுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் மெஷினில் 0 முதல் 7 வரை எண்கள். எந்த எண் என்பதற்கு, கடினத்தன்மையை அளக்கும் ஜெர்மன் டிகிரிக் கணக்கு. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். அப்படியானால் எங்கள் தண்ணீர் ஏறக்குறைய 35 டிகிரி, 7-இல் வைக்க வேண்டியது. மெஷின் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே 4-இல் இருந்தது. அது 16 டிகிரி வரைக்கும்தான்.

இதில் என் பங்கு பாவமும் உண்டு. கூடக் கொடுத்த உப்புப் பொட்டலம் தீர்ந்ததும், உப்பு உப்புதானே என்று சமையல் கல்லுப்பை அள்ளிக் கொட்டினேன். கல்லுப்பில் மண்ணும் இருக்கிறது, மக்னீசியமும் இருக்கிறது. எதை எடுக்க உப்பு போடுகிறோமோ அதையே உள்ளே போட்டிருக்கிறேன். பாக்கெட் தூளுப்பும் ஆகாது, கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கிற பொருள் அந்த அறையை அடைத்துவிடும்.

எங்கள் தெருவில் இந்த வெள்ளையைப் பார்த்தவுடன் எல்லாரும் சொன்னது, "அக்கா, ஃப்ளோரைடு" என்று. அதுவும் தப்பு. ஃப்ளோரைடின் வேலையை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். தட்டை நீட்டிச் சிரிக்கும் பிள்ளைகளின் முன்பல்லில், பழுப்புக் கோடாக. அதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் வந்தது. ஆனால் ஃப்ளோரைடு டம்ளரில் தெரியாது. டம்ளர் பளபளப்பாக இருப்பதாலேயே தண்ணீர் நல்லது என்றும் ஆகாது. எங்கள் வீட்டில் ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். மெஷினுக்குப் போர் தண்ணீர்தான். இன்னொன்று, சில வீடுகளில் ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்காமல் பாத்திரத்துக்குப் பிடித்து வைக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் மற்றத் தண்ணீரிலிருந்து பிரிந்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. வாசல் தெளிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணை 7-க்கு ஏற்றி, சரியான உப்பு போட்டு, கடைசி அலசலில் தண்ணீர் பாத்திரத்தில் திட்டாக நிற்காமல் வழிய உதவும் ரின்ஸ் எய்ட் ஊற்றி, பாத்திரம் எதுவும் வைக்காமல் சிட்ரிக் ஆசிட் போட்டு ஒருமுறை வெறுமனே ஓடவிட்ட பிறகு, நான்காம் நாள் டம்ளர் தெளிந்துவிட்டது. ஹீட்டர் அதே ஹீட்டர்தான். உப்பு மட்டும் மாதம் ஒன்றரை கிலோ போகிறது. அந்தச் செலவை வாங்குவதற்கு முன்பே சொல்லியிருந்தால் மகன் யோசித்திருப்பான், அல்லது வாசலில் தனியாக, தண்ணீரை மென்மையாக்கும் ஒரு சாஃப்ட்னர் வைத்திருப்பான். அதைத்தான் நான் கடைக்காரர்களிடம் கேட்கிறேன். தவணை எத்தனை மாதம் என்று கேட்கிறீர்கள், எந்தக் கலர் வேண்டும் என்று கேட்கிறீர்கள். தண்ணீர் போரா, ஒகேனக்கலா, கடினத்தன்மை எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? பொருத்த வருகிற தம்பியின் பையில் டி.டி.எஸ். பேனாவோடு கடினத்தன்மை பார்க்கிற தாள் நான்கு இருக்கட்டும். பார்த்து, எண்ணை மாற்றி வைத்துவிட்டுப் போகட்டும். ஐந்து நிமிஷ வேலை. நல்ல தண்ணீர் வீட்டில் சும்மா 7-க்கு ஏற்றி வைத்தாலும் தப்பு. உப்பு வீணாவதோடு, தண்ணீர் ரொம்ப மென்மையானால் கண்ணாடி அரித்து மங்கும், அது எலுமிச்சைக்கும் போகாது.

கட்டுரை எழுதியவருக்கு ஒரு வார்த்தை. பாத்திரத்தை அலச வேண்டியதில்லை, எச்சிலையும் சக்கையையும் வழித்துக் கொட்டினால் போதும். பெரிய தாம்பாளத்தையும் இட்லித் தட்டையும் கீழே படுக்க வைத்தால் மேலே தண்ணீர் ஏறாது. ஒரு நீளக் கரண்டிக் காம்பு கீழே நீட்டிக்கொண்டிருந்தால் தண்ணீர் பீச்சுகிற கை சுற்றாது, அதனால் அதை என் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பிறகே கதவைச் சாத்துகிறேன். அலுமினியப் பாத்திரத்தை வைத்தால் கறுத்துவிடும், என் சோற்றுக்குண்டான் சாட்சி.

களிச் சட்டி மட்டும் இன்னும் என் கையில்தான். ராகி காய்ந்து பிடித்துவிட்டால் 70 டிகிரி வெந்நீருக்கும் அசையாது. களியை எடுத்த கையோடு தண்ணீர் ஊற்றி வைத்து, மத்தியானம் தேங்காய் நாரால் ஒரு தேய். அந்த அளவுக்கு என் தோள்பட்டை இன்னும் இடம் கொடுக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.